உப்பின் பெயரைச் சொல்லாத யூனிஸ் அக்கா

அடக்க ஆராதனையில் வாசிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு கேட்டார்கள். அரைப் பக்கம் போதும் என்றார் போதகர். எழுதிக் கொடுத்தேன். யூனிஸ். பிறப்பு 1969, ஆழ்வார்குறிச்சி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 1985. திருமணம் 1992, கணவர் ஞானசிகாமணி, விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலைத் தொழிலாளி. 1998 முதல் பள்ளி ஆய்வக உதவியாளர். ஒரு மகள். இறப்பு 2024 ஆகஸ்ட் 19, மாரடைப்பு.

எல்லாம் சான்றிதழைப் பார்த்து எழுதியவை. ஆனால் அதில் ஒன்றை அம்மா ஒருபோதும் நம்பியதில்லை. பத்தாம் வகுப்பில் தான் உண்மையிலேயே தேறினோமா என்பது அவளுக்குத் தெரியாது. சான்றிதழில் கணக்குக்கு 41 என்று இருக்கிறது. அந்த 41இல் தன்னுடையது எவ்வளவு என்பதுதான் அவள் வாழ்நாள் கேள்வி. அதை அரைப் பக்கத்தில் எழுத முடியவில்லை.

மார்ச் 1985. கணக்குப் பரீட்சை. அம்மா கூம்பின் கனஅளவு கேட்ட கணக்கைத் தொடங்கி நாலு வரி எழுதியிருந்தாள். அப்போது தண்ணீர் கொடுக்கிற அம்மாள் வந்து டம்ளரை மேசையில் வைத்தாள். டம்ளருக்கு அடியில் நாலாக மடித்த தாள். அக்கா கரோலினின் கையெழுத்து. மூன்று பத்து மார்க் கணக்குகள், முழு விடையோடு. கேள்வித்தாள் எப்படியோ வெளியே போயிருக்கிறது. கரோலின் பெரியம்மா பள்ளிக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து போட்டு அனுப்பிவிட்டாள். அவளுக்கு அப்போது இருபது வயது. தங்கை மேல் உயிர். தங்கைக்குக் கணக்கு வராது என்று வீடே சொல்லிக்கொண்டிருந்தது. தங்கை தோற்றுப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

அம்மா தன் நாலு வரியை அடித்தாள். தாளில் இருந்ததை எழுதினாள்.

41 வந்தது. முப்பது அக்காவுடையது என்றால் மீதி பதினொன்று. ஆனால் அந்த மூன்று கணக்குகளையும் அவளே போட்டிருந்தால் எத்தனை வந்திருக்கும்? சுழியமா, பத்தா, முப்பதா? அடித்த நாலு வரி சரியா, தப்பா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. விடைத்தாள் போய்விட்டது.

அந்த ஜூனில் தலைமையாசிரியை வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பதினொன்றில் அறிவியல் பிரிவில் சேரச் சொன்னார். பிறகு ஆசிரியர் பயிற்சி. அம்மா போய், "எனக்கு கணக்கு வராது டீச்சர்" என்றாள்.

"நாப்பத்தொண்ணு வாங்கியிருக்கியே?"

அந்தத் தாளைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்து பீடி சுற்ற உட்கார்ந்தாள். திருமணம் வரை ஏழு வருடம் சுற்றினாள்.

நான் பார்க்கும் வேலை அளவுத்திருத்தம். ஆலைகளில் இருக்கும் அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது. தவறாகக் காட்டும் மானியால் பெரிய தொல்லை இல்லை. எவ்வளவு தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். ஒருபோதும் சோதிக்கப்படாத மானியை வைத்துக்கொண்டுதான் எதுவும் செய்ய முடியாது. அது 41 காட்டும். அது 41தானா என்று யாருக்கும் தெரியாது. பதினாறு வயதில் அம்மா அப்படி ஒரு மானியை வைத்துக்கொண்டு தன் வாழ்க்கையைத் தீர்மானித்தாள்.

1998இல் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்புப் போதும் என்ற வேலை. குடுவை கழுவ வேண்டும், கரைசல் கலக்க வேண்டும், புன்சன் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் பிச்சைக்கண்ணு. அவர் சாவிக்கொத்தோடு இன்னொன்றையும் ஒப்படைத்தார்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொட்டலத்தில் பெயர் தெரியாத உப்பு கொடுப்பார்கள். சோதனைகள் செய்து அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பள்ளியில் அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது.

"இங்க பாரும்மா," என்றார் பிச்சைக்கண்ணு. "மூக்கத் தொட்டா சல்பைடு. அழுகின முட்ட நாத்தம்லா, பிள்ளேளுக்கு மறக்காது. காதத் தொட்டா குளோரைடு. வயித்தத் தடவுனா கார்பனேட்டு. பொங்கும். யாரு உப்ப கேக்காங்களோ அவங்க மேசைக்கு முன்னால போயி நின்னு மெல்லத் தொடணும். அவ்வளவுதான்."

"சாருக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"அந்நேரம் பாத்து சாரு வெளியூர்லேந்து வந்த தேர்வாளருக்கு டீ சொல்லப் போயிருவாரு. தங்கமான மனுசன்."

அம்மா சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள். இனி அந்தச் சைகைகள் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டது அவள் செய்த தப்பு.

1999 பிப்ரவரியில் அவளுடைய முதல் செய்முறைத் தேர்வு. அம்மோனியா நெடி அவளுக்குப் பழகியிருக்கவில்லை. மூக்கில் நீராக ஒழுகியது. மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சேலைத் தலைப்பால் மூன்று தடவை மூக்கைத் துடைத்தாள். நாலு பேர் துத்தநாக சல்பைடு என்று எழுதிவிட்டார்கள்; தேர்வில் வரும் சல்பைடு அது ஒன்றுதான்.

அதில் ஒருத்தி சுகன்யா. மில்லில் வேலை பார்த்த மகாராஜன் என்பவரின் மூத்த மகள். அவளுக்கு வந்த உப்பு பளிச்சென்று நீலமாக இருந்த மயில்துத்தம். சோதனையே வேண்டாம்; பார்த்தாலே தாமிரம் என்று தெரியும். துத்தநாக சல்பைடோ வெள்ளை. சுகன்யா தன் கண்ணை நம்பவில்லை. அம்மாவின் மூக்கை நம்பினாள்.

மறுநாள் மகாராஜன் மகளைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிளில் வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"ஏம்மா, சளி பிடிச்சா லீவு போட வேண்டியதுதானே? எம்பிள்ள வாழ்க்கையில வந்து எதுக்கு மூக்கச் சிந்துத?"

"அண்ணாச்சி, உப்பு நீலமா இருந்துச்சு. அவ கையிலதான் இருந்துச்சு."

"அவளுக்கு என்ன தெரியும்? மில்லுக்காரன் பிள்ள. நாலு பேரு சொல்லிக் குடுத்தாத்தான் தெரியும்."

சுகன்யா பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினாள். திட்டு அம்மாவுக்கு மறந்துபோனது. அந்தத் தலையாட்டலை மட்டும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் மணிராஜ் சார் வேதியியல் ஆசிரியராக வந்தார். அம்மா அவரிடம் ஒன்று கேட்டாள். ஜனவரி மாதம் முழுக்க காலை ஏழரைக்கே ஆய்வகத்தைத் திறந்து வைக்க அனுமதி. உப்புகளைப் பொட்டலம் கட்டி எண் போட்டு வைப்பாள். எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்பது அவளுக்கும் சாருக்கும் மட்டும் தெரியும். யார் வேண்டுமானாலும் வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் செய்து பார்க்கலாம். விடையைச் சொன்னால் அவள் "சரி" என்பாள், இல்லையென்றால் "இன்னொரு தடவ" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

"ஒரு குறிப்புக்கூடக் குடுக்க மாட்டீங்களாம்மா?" என்று சார் கேட்டாராம்.

"நான் குடுத்தா அது என் உப்பு சார்."

ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். ஒரு பத்தியில் பெயர். அடுத்த பத்தியில் எத்தனையாவது தடவையில் சரியாக வந்தது என்ற எண். அதில் மார்க் இல்லை, வரிசை இல்லை. எண் பெரிதாக இருந்தவர்களை அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

2003இல் மகாராஜனின் இளைய மகள் முத்துராணி வந்தாள். பரீட்சை முடிந்ததும் திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ப்பதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவளும் சரி என்றிருந்தாள். அக்காளுக்கே வராத படிப்பு தனக்கு எங்கே வரப்போகிறது என்று அவள் நினைப்பு. முதல் தடவை தப்பு. இரண்டாவது தப்பு. மகாராஜன் இரவு ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் சைக்கிளை ஆய்வக வாசலில் நிறுத்திக்கொண்டு நிற்பார்.

"ஏம்மா யூனிஸு, அந்த ஒரு பேரச் சொன்னா ஒனக்கு என்ன குறைஞ்சிரும்?"

"அவளா கண்டுபிடிச்சா ஒங்களுக்கு என்ன குறைஞ்சிரும் அண்ணாச்சி?"

"எனக்குத் தூக்கம் குறையுது."

"வீட்டுல போயித் தூங்குங்க. அவ எங்கயும் ஓடிர மாட்டா."

நோட்டில் முத்துராணி பெயருக்கு எதிரே 8 என்று இருக்கிறது. எட்டாவது தடவை "சரி" என்று கேட்டதும் அவள் சிரிக்கவில்லையாம். இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாளாம். அதை மூன்றாவது தடவையில் கண்டுபிடித்தாள். அடுத்ததை முதல் தடவையில். ஏப்ரலில் அவளே அப்பாவிடம் போய் ஜவுளிக்கடை வேண்டாம், பி.எஸ்ஸி. படிக்கிறேன் என்று சொன்னாள். இன்று குடிநீர்த் திட்டம் ஒன்றில் ஆற்று நீரைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். அம்மாவின் அடக்கத்தன்று வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு தடவ தப்பாச் சொன்னேன். ஒரு தடவகூட முகம் சுளிக்கல" என்றாள். ஏழு தடவை என்று நான் திருத்தவில்லை.

எல்லாரும் வேதியியல் படிக்கப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஹெப்ரான் என்று ஒரு பையன். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் முதல் தடவையே சரியாகச் சொல்லுவான். சார் அவனை எஞ்சினியரிங்குக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். அவன் வேன் ஓட்டப் போய்விட்டான். சார் வருத்தப்பட்டார். அம்மா படவில்லை.

"அவன் முடியாம போகல சார். பிடிக்காம போனான்."

எங்கள் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். "எனக்கு அது பிடிக்காது" என்று ஒரு பிள்ளை சொன்னால் பாதி நேரம் அதற்கு அர்த்தம் தோற்றுவிடுவேன் என்ற பயம். பயத்தை விருப்பம் என்று நினைத்துக்கொண்டு படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு வேலையை. அம்மா அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள். செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். செய்து பார்க்காமல் வேண்டாம் என்றால் பொட்டலத்தை நீட்டுவாள்.

அவள் யாரையும் புகழ்ந்ததும் இல்லை. ஒருமுறை பள்ளிக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வந்தார். "என்னால் முடியும்" என்று பிள்ளைகளை மூன்று தடவை கத்தச் சொன்னார். அம்மா பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள்: "நல்ல சத்தமாத்தான் கத்துச்சுவ. எது முடியும்னு அந்த மனுசன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

இனி என் முறை.

நான் அதே பள்ளியில் படித்தேன். பள்ளியில் அவளை எல்லாரையும் போல "அக்கா" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட விதி. அப்படியும் பிரயோஜனமில்லை. "ஒனக்கென்னட்டி, ஒங்கம்மா கையிலதான் எல்லா உப்பும்" என்பார்கள். நான் நல்ல மார்க் வாங்கினால் அது அம்மாவுடையது. குறைவாக வாங்கினால் அம்மா இருந்தும் வாங்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, நான் எஞ்சினியரிங் போகவில்லை, பி.காம். போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். பி.காம்.இல் என்ன படிப்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

அம்மா வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "போ. ஆறாம் நம்பர் பொட்டலத்த இன்னும் நீ எடுக்கல" என்றாள்.

பிப்ரவரி 2012. தேர்வு அன்று தன்னை வேறு வேலைக்கு அனுப்பும்படி சாரிடம் கேட்டிருக்கிறாள். வேறு ஆள் இல்லை. அதனால் மூன்று மணி நேரமும் காய்ச்சி வடித்த நீர் வைத்திருந்த கேன் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே மலை. அந்த மலையில் அன்றைக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

என் உப்பு வெள்ளை. அமிலம் விட்டதும் பொங்கியது. கார்பனேட். அடுத்தது எந்த உலோகம் என்று தொகுதி தொகுதியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் தொகுதிச் சோதனையில் வெள்ளை வீழ்படிவு வந்தது. கால்சியம் என்று எழுதினேன். உறுதிசெய்யச் சுடரில் காட்டினேன். கால்சியம் என்றால் செங்கல் நிறம் வர வேண்டும். வரவில்லை. மறுபடி காட்டினேன். வரவில்லை.

"அக்கா, தண்ணி."

அம்மா வந்தாள். நான் முகத்தைப் பார்த்தேன். ஒரு சொல் வேண்டாம், விழியசைவு போதும் என்று கெஞ்சினேன். அவளுக்கு என் உப்பு தெரியும். நான் எங்கே தவறினேன் என்பதும் தெரியும்.

"தண்ணி அங்கன இருக்கு. எடுத்துக்கிடணும்," என்றாள். ஜன்னலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் பயம் போனது. தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பும்போது என் தட்டில் இருந்த குப்பிகளைப் பார்த்தேன். அம்மோனியம் குளோரைடு குப்பி கழுத்து வரை நிறைந்திருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை. அது இல்லாமல் செய்தால் மெக்னீசியம் தன் ஆறாம் தொகுதி வரும் முன், ஐந்தாம் தொகுதியிலேயே படிந்து கால்சியம் போல நடிக்கும். மறுபடி செய்தேன். ஐந்தாம் தொகுதியில் இப்போது ஒன்றும் படியவில்லை. மெக்னீசியத்துக்கான கடைசிச் சோதனையில் நீலம் வந்தது. கால்சியத்தை அடித்துவிட்டு மெக்னீசியம் கார்பனேட் என்று எழுதினேன்.

தேர்வாளர் தாளைப் பார்த்தார். "அடிச்சு எழுதியிருக்கியே, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். சுடர்ல நிறம் வரல."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் கோபத்தோடு அறைக்குள் போய்விட்டேன். அவளே தேநீரைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். 1985ஐப் பற்றி எனக்கு அன்றுதான் சொன்னாள். தண்ணீர் டம்ளர், மடித்த தாள், அடித்த நாலு வரி. அதுவரை நான் கேட்டிருந்தது வேறு கதை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கரோலின் பெரியம்மா, "ஒங்கம்மாவ நான்தான் பாஸ் பண்ண வச்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

"சொல்லியிருந்தா நீ மார்க்கு வாங்கியிருப்பே," என்றாள். "நாளைக்கு எவனாவது ஒங்கம்மா போட்ட மார்க்குன்னு சொன்னா, இல்லன்னு சொல்ல ஒனக்கு வாய் இருக்காது."

நான் பி.காம். போகவில்லை. கருவியியல் படித்தேன். பி.காம். போயிருந்தாலும் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்கு இப்போது தெரியும்.

அடுத்த வருடம் மே மாதம், கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். அம்மா அந்த வருடத்துப் பத்தாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாளை என் முன் வைத்தாள்.

"சனிக்கிழம காலையில நான் இத எழுதப் போறேன். நான் இன்னும் படிச்சுப் பாக்கல. நீதான் சூப்பர்வைசர். ரெண்டரை மணி நேரம். நீதான் திருத்தணும்."

"எதுக்கும்மா?"

"எனக்கு எத்தன வரும்னு தெரியணும்."

நாலு மாதமாக என் பழைய புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. "பரீட்ச எழுதுத அன்னைக்கு சோறு யாரு பொங்குதது?" என்பது மட்டும்தான் அவருடைய சந்தேகம். அவரே பொங்கினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்தாள். வயது நாற்பத்து நாலு. மூக்குக்கண்ணாடி, இரண்டு பேனா, ஒரு டம்ளர் தண்ணீர். டம்ளரை நான்தான் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு சிரிக்கவில்லை.

பதினொன்றரைக்குக் கரோலின் பெரியம்மா வந்தாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ்ஸில், ஒரு சாக்கில் பலாப்பழத்தோடு. யாரும் எதிர்பார்க்கவில்லை.

"என்னட்டி இது, ஒங்கம்மா கோட்டிக்காரி மாதிரி உக்காந்து என்ன எழுதுதா?"

நான் சொல்வதற்குள் தங்கையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் கணக்கில் கெட்டிக்காரி அவள்தான்.

"ஏ யூனிஸு, அந்த வர்க்கமூலம் தப்பாப் போவுது. ரெண்டாவது வரியில..."

அம்மா தாளின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

"ஏக்கா. சொல்லாத."

"தப்புன்னு தெரிஞ்சிட்டு எப்பிடிச் சொல்லாம இருக்க?"

"தப்பாவே இருக்கட்டும். என்னோட தப்பா இருக்கட்டும்."

பெரியம்மா சாக்கைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருடம் சிரித்துக்கொண்டே சொன்ன கதை.

"அப்போ நான் அன்னைக்குச் செஞ்சது..."

"நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. நான்தான் வாங்கியிருக்கக் கூடாது. போக்கா, நேரம் போவுது."

பெரியம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தை அறுத்தாள்.

"ஒங்கம்மாவுக்கு எம்மேல கோவமாட்டி?"

"இல்ல பெரியம்மா."

"பின்ன ஏன் ஒரு மாதிரி இருக்கா?"

"ஒரு மாதிரியும் இல்ல. கணக்கு போடுதா."

பன்னிரண்டரைக்குத் தாளை வாங்கினேன். முன்னறையில் உட்கார்ந்து திருத்தினேன். முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். மறுபடி கூட்டினேன். படிப்படியாகப் பார்த்து எங்காவது அரை மார்க்காவது போட முடியுமா என்று தேடினேன். பெரியம்மா வாசற்படியில் நின்று, "மூணு மார்க்குல என்னட்டி இருக்கு? போட்டு விடு. பாவம்," என்றாள். கை போனது. மூன்று மார்க் போட்டால் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். அவள் மறுபடி ஒரு பொய்யான எண்ணோடு வாழ்வாள், இந்தத் தடவை அது என் கையெழுத்தில் இருக்கும்.

"முப்பத்திரண்டும்மா," என்றேன்.

அம்மா தாளை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். வர்க்கமூலக் கணக்கில் இரண்டாவது வரியை விரலால் தொட்டு, "இதத்தான் அக்கா சொன்னா," என்றாள். பிறகு மேல் மூலையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேறாத ஒருத்தியின் முகம் அல்ல அது.

"பத்தா முப்பதான்னு கெடந்து யோசிச்சேன் இத்தன வருசமா. முப்பத்திரண்டு." அப்பாவைப் பார்த்து, "எனக்கு முப்பத்திரண்டு வரும்," என்றாள்.

"சோறு ஆறுது," என்றார் அப்பா.

அந்த ஜூனில் ஆய்வகத்தில் ஒன்று மாறியது. மணிராஜ் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரைசல் தயாரிக்க எத்தனை கிராம் எடுக்க வேண்டும் என்று அதுவரை அவர் கணக்குப் போட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அம்மா நிறுத்துக் கலக்குவாள். பதின்மூன்று வருடப் பழக்கம். அவள் இனி சீட்டு வேண்டாம் என்றாள். தானே போட்டாள். செப்டம்பரில் ஒரு நாள் சார் போகிற போக்கில் ஆக்சாலிக் அமிலத்துக்குச் சொன்ன எடை தப்பு என்று அவரிடம் போய்ச் சொன்னாள். இரண்டு லிட்டருக்குச் சொல்ல வேண்டியதை ஒரு லிட்டருக்குச் சொல்லியிருந்தார். "கூச்சப்பட்டுக்கிட்டே சொன்னாங்க. ஆனா சொன்னாங்க," என்றார் சார்.

பதவி உயர்வு எதுவும் வரவில்லை. பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அந்த வருடத்துக் கேள்வித்தாளை எழுதினாள். 2014இல் 47. அடுத்த வருடம் 45. அதற்கு அவள் கேள்வித்தாளைக் குறை சொன்னாள். 2016இல் அப்பாவின் அறுவைச் சிகிச்சை, எழுதவில்லை. 2018இல் 61. தொற்றுக் காலத்தில் பரீட்சையே நடக்காத வருடம், பழைய தாள் ஒன்றை எழுதி 58 வாங்கினாள். "எல்லாரயும் பாஸ் போட்ட வருசத்துல நான் ஒருத்திதான் பரீட்ச எழுதுனேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாத் தாளையும் நான்தான் திருத்தினேன். வேறு யாரிடமும் கொடுக்கமாட்டாள். நீ மார்க் போட மாட்டேல்லா, அதான், என்பாள்.

இந்த வருடம் மே மாதம் நான் வரவில்லை. குஜராத்தில் ஓர் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். எண்ணூறு கருவிகள், இருபது நாள். அம்மா போனில், "எழுதிட்டேன். பீரோவுல வச்சிருக்கேன். நீ வந்து திருத்து. அவசரமில்ல," என்றாள். ஜூனில் வருவதாகச் சொன்னேன். ஜூலையில் என்று மாற்றினேன்.

ஆகஸ்டில் வந்தேன்.

அடக்கம் முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான் பீரோவைத் திறந்தேன். கரோலின் பெரியம்மா எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தாள். வயது ஐம்பத்தொன்பது. சில நாளில் இன்னும் வயதானவளாகிவிட்டாள்.

"இப்பவாவது நூறு போட்டு விடுட்டி," என்றாள்.

திருத்தினேன். ஒரு மார்க் கேள்விகளில் இரண்டு தப்பு. வரைபடம் சுத்தமாக இருந்தது. வர்க்கமூலம் சரி, அது அவளுக்கு 2014இலிருந்தே தவறவில்லை. முப்பத்தொன்பதாவது கேள்வி, கலங்கரை விளக்கமும் இரண்டு கப்பல்களும். ஐந்து மார்க். அம்மா அதை முழுவதும் போட்டுவிட்டுக் குறுக்காக ஒரே கோடு இழுத்து அடித்திருந்தாள். விடையில் வர்க்கமூலம் மிச்சமிருந்தது. விடையில் அப்படி ஏதாவது மிச்சம் இருந்தால் எங்கோ தவறிவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றும். கீழே மறுபடி போட்டு ஒரு முழு எண்ணில் முடித்திருந்தாள். கீழே இருந்தது தப்பு. படத்துக்கு ஒரு மார்க் போட்டேன்.

அடித்ததை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் சரி.

அடித்த கணக்குக்கு மார்க் கிடையாது. போடவில்லை. கூட்டினேன், மறுபடி கூட்டினேன். மேல் மூலையில் எழுதினேன்.

"எத்தன?"

"அறுபத்தேழு, பெரியம்மா."

அவள் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, அடித்த கணக்கு இருந்த பக்கம் வந்ததும் நிறுத்தினாள். அவளுக்குக் கணக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தங்கை கோடு இழுத்து அடித்திருந்த கணக்கை முதல் வரியிலிருந்து விரல் வைத்துக் கடைசி வரை வாசித்தாள்.